இஸ்தோப்பில் கிடந்த எஞ்சின்

எங்கள் லயத்து இஸ்தோப்பில் மூன்று வாரம் ஒரு எஞ்சின் கிடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சுற்றித்தான் காம்பராவுக்குள் வரணும். அம்மா வழக்கமாகக் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிற இடம் அது. கூடைக்கு வேறு இடம் பார்க்கச் சொன்ன நாளிலிருந்து அம்மா அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. கூடை மட்டும் காரணமில்லை. அந்த எஞ்சின் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது.

கார் ஒரு மொரிஸ் மைனர் 1000. அப்பா பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டியவர். ரிட்டயராகி வந்த சேமலாப நிதியில், அதே தோட்டத்துப் பழைய கிளாக்கர் ஐயாவிடம் வாங்கினார். கலியாணம், கோயில், டவுனுக்குச் சாமான் வாங்கப் போறது என்று ஹயர் ஓடும். ராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடும். அந்த ஓட்டத்துக்குப் பாதிப்பேர் பிறகுதான் காசு தருவார்கள், சிலர் தரவே மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை ராத்திரி எதிர் லயத்து அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. அக்கா, அவரின் வீட்டுக்காரர், மாமியார், துணைக்கு நான். எங்கள் டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு முதலில் செங்குத்தாக ஏறணும். மூன்றாவது வளைவில் கார் முதல் கியரிலேயே திணறி நின்றுவிட்டது. பின்னால் ஒரே புகை. நானும் அண்ணனும் இறங்கித் தள்ளினோம். கொஞ்ச நேரத்தில் மாமியாரும் இறங்கிவிட்டார். உள்ளே அக்கா கத்துகிறார், வெளியே நாங்கள் சேற்றில் வழுக்குகிறோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் பிறகு தினமும் வந்து இஸ்தோப்பு எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன்.

பழைய எஞ்சின் 948 சி.சி. ரிங் தேய்ந்து, எண்ணெய் எரிந்து, புகைப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு வருஷமும் அப்பாவுக்கு நெஞ்சிடிதான். அதையே பிரித்துப் புதுசாக்கியிருக்கலாம். மொரிஸுக்கு இலங்கையில் சாமான் பஞ்சமே இல்லை, இங்கே செய்த மொரிஸ் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன. ஆனால் புதுசாக்கினாலும் அதே 948தானே, அதே வளைவில்தானே நிற்கும் என்றார் அப்பா. வேறு நல்ல கார் வாங்குவது பேச்சுக்கும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஓட்டைக் கார்கூடத் தங்க விலைக்குப் போயிருந்தது.

இந்தக் காரின் கதையை நான் லைப்ரரியில் தேடிப் படித்தேன். (கலைப்பீடத்து மாணவிக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். அந்த வாரம் எழுத வேண்டிய அசைன்மென்டை எழுதாமல்தான் படித்தேன்.) அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளியான கார். எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் அதே வருஷம்தான், அந்த வருஷத்தை எங்கே கண்டாலும் எனக்குக் கண் நின்றுவிடுகிறது. இஸிகோனிஸ் இதற்கு நினைத்த எஞ்சின் வேறு, சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் அகலமான எஞ்சின். செலவு கட்டாது என்று கம்பனி அதை விட்டுவிட்டு, பழைய 918 சி.சி. எஞ்சினை வைத்து விற்றது. அதனால்தான் பொனட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் இவ்வளவு இடம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப இது பொறந்ததில இருந்தே வேற எஞ்சினுக்குக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

மாமா பதுளையில் ஒரு கராஜில் பாஸ். அவர் சொன்னது டட்சன் சன்னியின் ஏ12 எஞ்சின், 1171 சி.சி., அதன் கியர்பொக்ஸோடு சேர்த்து. மொரிஸுக்கு இதைப் போடுவது நம் நாட்டில் புதிதில்லை, நியூசிலாந்திலும் போடுகிறார்களாம். நிசான்காரர்கள் 1950களில் ஒஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு ஒஸ்டின் கார்களைச் செய்துதான் தொழில் படித்தார்கள். எங்கள் 948உம் ஒஸ்டின் வடிவமைத்த எஞ்சின்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் ரெண்டும் தூரத்துச் சொந்தம். மாமா பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடித்து, கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப்போன வெலிமடை லொறி திரும்பி வரும்போது ஏற்றிவிட்டார்.

வேலை லயத்துக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் நடந்தது. மூன்று யூகலிப்டஸ் கம்புகளைக் கூட்டிக் கட்டி, செயின் பிளொக் தொங்கவிட்டு, பழையதைத் தூக்கினார்கள். புது எஞ்சின் உட்கார இரும்புத் தகட்டில் தாங்கிகள் வெட்டிப் பற்றவைத்தார்கள். கியர்பொக்ஸ் நீளம் வேறு என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்துக்குக் கொண்டுபோய் அளவு மாற்றிப் பலன்ஸ் பார்க்க வேண்டியிருந்தது. என் வேலை மெனுவல் வாசிப்பது. பழைய ஆங்கில மெனுவல், கிளாக்கர் ஐயா காரோடு கொடுத்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, மாமா "அதெல்லாம் தெரியும்" என்பார். ஒரு இடத்தில் மட்டும் தெரியவில்லை. மொரிஸில் பட்டரியின் பாசிட்டிவ்தான் பொடியில் கட்டியிருக்கும், சன்னியில் நெகட்டிவ். அப்படியே மாட்டியிருந்தால் அல்டர்னேட்டர் முதல் நாளே கருகியிருக்கும். அன்றிலிருந்து மாமா "அடுத்தது என்னா போட்டிருக்கு, வாசி" என்று கேட்கத் தொடங்கினார்.

அப்படி வாசித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 1962இல் இதே கார் 948இலிருந்து 1098 சி.சி.க்கு மாறியபோது, முன் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக ஆக்கியிருக்கிறார்கள்.

நான் சொன்னேன், "மாமா, 150 சி.சி. கூட்டினதுக்கே கம்பனி பிரேக்கை மாத்தியிருக்கு. நாம 223 கூட்டுறோம்."

"காசு முடிஞ்சிருச்சு புள்ள. மொதல்ல ஏறட்டும். பிரேக்கு அடுத்த மாசம் பாப்போம். என்னா மச்சான்?"

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் கண்ணெல்லாம் அந்த மூன்றாவது வளைவில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் ஓட்டத்தில் அந்த வளைவை இரண்டாம் கியரில், ஐந்து பேரோடு, சத்தமில்லாமல் ஏறினோம். மாமா கை தட்டினார். அப்பா சிரித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு இறங்கினோம். புது எஞ்சினின் சுகத்தில் அப்பா வளைவுக்கு வளைவு கொஞ்சம் கூடுதலாகவே விட்டார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. சூட்டில் டிரம் விரியும், ஷூ அதை எட்டப் பெடல் இன்னும் கீழே போகணும், காய்ந்த லைனிங் பிடிக்காமல் வழுக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒரு கருகல் மணமும், அப்பாவின் கால் பலகைவரை போய்விட்டதும்தான். அவர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காரை மலைப்பக்கத்து மண் திட்டில் உரசவிட்டு நிறுத்தினார். மறுபக்கம் தேயிலைச் சரிவு. 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்த பிறகு, எங்கள் பக்கத்தில் யாரும் இறக்கத்தைப் பகிடியாகப் பேசுவதில்லை. காரில் இருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று ராத்திரி அம்மாதான் முதலில் பேசினார். "சங்கிலி போனாப் போகுது. ஆள் போனா எந்த அடகுக் கடையில மீட்குறது?"

பிரேக்குக்கு என் மகாபொல காசு போனது. உடைக்கப்போன 1098 ஒன்றிலிருந்து 8 அங்குல டிரம், ஷூ, சிலிண்டர் எல்லாம் கழற்றி, புது லைனிங் ஒட்டி, குழாய்களையும் மாற்றினோம். மொரிஸின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், செசிக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கழற்ற மட்டும் ஒரு முழு நாள். இதை வடிவமைத்தவரை மாமா சிங்களத்திலும் தமிழிலும் திட்டினார்.

பிறகு வந்தது கடதாசி வேலை. பதிவுப் பத்திரத்தில் செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புது நம்பரைப் பதியணும். பதியாமல் ஓடி விபத்தென்று ஒன்று நடந்தால், இன்சூரன்ஸ் கை விரிக்க அது போதும். எங்களுக்கு அதற்கும் முன்னால் ஒரு சிக்கல். கார் இன்னும் கிளாக்கர் ஐயாவின் பெயரில். அப்பா இத்தனை வருஷமும் ஓப்பன் பேப்பரில்தான் ஓடியிருக்கிறார்.

கிளாக்கர் ஐயா இப்போது மகளோடு வத்தளையில். நானும் அப்பாவும் ரயிலில் போனோம். அப்பா கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார். ஐயா கையெழுத்து வைத்துவிட்டு, "பழைய எஞ்சின வித்துட்டியா?" என்று கேட்டார். இல்லை, கோழிக்கூட்டுக்குப் பின்னால் படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம் என்றதும்தான் தேநீர் குடிக்கச் சொன்னார்.

வரும்போது ரயிலில் வைத்தே போர்மை நிரப்பினேன். உரிமையாளர் பெயருக்கு நேரே அப்பாவின் பெயர். எங்கள் லயத்துக்கு உறுதி இல்லை, அது நிற்கிற மண்ணுக்கும் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருடைய பெயரிலாவது பதிவாகப்போகிற முதல் சொத்து இந்தக் கார்தான். விலாசத்தில் தோட்டப் பெயரும் டிவிசனும் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, "லயன் நம்பரையும் போடு" என்றார். போட்டேன். போட்டாலும் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்.

புது நம்பர் பதிவாகும்வரை கார் கொட்டகையை விட்டு வெளியே வராது என்றுதான் பேச்சு. போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குக் கதவு தட்டியது. மேல் டிவிசன் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது வளைவில் கியர் மாறும் சத்தம் இஸ்தோப்புவரை கேட்டது. மெயின் ரோட்டில் ஏறின பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கூடையை அதன் பழைய இடத்தில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பதுளைக்கு இறக்கம் இறங்கி முடிய எவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டார். மழையில்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம் என்றேன்.