கோர்வைக்கு இருவர்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை ஒருவர் தனியே அமர்ந்து நெய்துவிட முடியாது என்பதை அச்சேலையை உடுத்துவோரில் அநேகர் அறியார். உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு வேறொரு வர்ணமுமாகக் குறுக்கு இழையாகிய ஊடையை ஏந்திய மூன்று நாடாக்கள் ஓடுகின்ற அந்தத் தறியில், உடலின் ஊடை கரையைத் தொடுகின்ற இடத்தில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று கோத்துத் திரும்ப வேண்டியிருப்பதால், நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒவ்வொரு முறையும் கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தாக வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. இல்லையேல் மகனோ மகளோ. கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. இரண்டாமவருடைய கைக்கென்று தனிக் கணக்கு எங்கள் வீட்டில் ஒருபோதும் இருந்ததில்லை.

என் தகப்பனார் காலமானபோது தறியில் நீள இழையாகிய பாவு பாதி நெய்தபடி நின்றது. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. வாங்கியிருந்த முன்பணமோ நெய்து கழிக்க வேண்டியது. காரியங்கள் முடிந்ததும், அதுவரை கரைப் பக்கத்திலேயே அமர்ந்து பழகிய என் தாயார், தறிக்குழியில் காலை இறக்கித் தகப்பனாருடைய ஸ்தானத்தில் உட்கார்ந்து, தாம் இருந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். தேறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "இழையைப் பாருடா, என் முகத்தைப் பாக்காதே" என்றார். அன்று அது கடுமையாகப் பட்டது. துக்கத்தோடு தனித்து உட்கார எங்கள் இருவரையுமே அந்தத் தறி விடவில்லை என்பதும், அதுவே எங்களுக்குக் கிடைத்த பெரும் அநுக்கிரகம் என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கின.

தாயாருடைய பக்தியும் தறியை ஒட்டியதே. வெள்ளிக்கிழமைகளில் காமாட்சியம்மன் சந்நிதியில் நின்று அவர் செல்வத்தை வேண்டியதில்லை. பாவு அற்றுப் போகாதிருக்க வேண்டும் என்றே வேண்டினார். பாவு தீர்ந்தாலும் பாவிழைகள் நுழைந்துவரும் விழுதிலும் பண்ணையிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியை நாங்கள் அறுத்தெறிவதில்லை. புதிய பாவு வந்ததும் அதன் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய நுனியோடு பிணைத்து, அதன் மேலேயே நெசவைத் தொடர்வோம். ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்கின்ற அந்தப் பொறுமையைக் காட்டிலும் மேலான ஜபம் ஒன்றை நான் அறியேன். புதுப் பாவு வராத நாட்களிலும் பழைய நுனியைத் தூசி படாமல் துணியிட்டு மூடி வைத்திருப்பதே எங்கள் குலத்தில் விசுவாசம் எனப்படுவது.

ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்குப் பரீட்சைக் காலம். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் வேண்டும். அக்கம்பக்கத்தார் பலருடைய கையும் வேண்டும். மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும், பட்டு நமத்துப் போகும், வேலை நிற்கும், கடன் மட்டும் நிற்காது. இந்நாட்டுக் கைத்தறிக்காரர் கண்ட கஷ்டமும் புதிதன்று. கைத்தறித் துணி விலை போகாமல் தேங்கிய 1953ஆம் ஆண்டில், காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா திருச்சியின் வீதிகளில் அத்துணியைச் சுமந்து விற்றதை எங்கள் பெரியவர்கள் நன்றியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2020இல் ஊரடங்கு வந்து, கல்யாணங்கள் தள்ளிப்போயும் சுருங்கியும் நடந்தபோது, முகூர்த்தச் சேலையை நம்பிய எங்கள் தறிகள் ஓய்ந்தன. என் மனைவி வெறுந்தறிக்கும் தவறாமல் விளக்கேற்றினாள். ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்த மகன் வீடு திரும்பினான்; பாவு கிடைத்ததும் கரைப் பக்கத்தில் அமர்ந்து, சிறு பிராயத்தில் கற்றது மறவாத கையோடு நாடாவைத் தள்ளினான். தொழிற்சாலை திறந்ததும் திரும்பிப் போய்விட்டான். மாதச் சம்பளம் தருகின்ற நிச்சயத்தைத் தறி அவனுக்குத் தரவில்லையாதலால், அவன்மீது எனக்கு வருத்தமில்லை.

இப்போது என் மனைவியே அந்தப் பக்கத்தில் அமர்கிறாள். கோர்வைச் சேலை வாங்குகின்ற அன்பர்கள் அதை ஒருமுறை புறம் திருப்பி, கரை சேர்கின்ற இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்றும், அங்கே இருவருடைய உழைப்பு உண்டென்பதை மனத்தில் கொண்டு விலை பேச வேண்டும் என்றும், கூடுமானால் மழைக்காலத்திலும் கைத்தறிச் சங்கங்களின் படியேற வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.