ஜூலை 23

பாப்பாரப்பட்டி டீக்கடையில், கிழித்த காலண்டர் தாளிலேயே வடை மடித்துக் கொடுத்தார் அண்ணன். கையில் எண்ணெய் ஊறிய 22. சுவரில் 23.

1925இல் இதே தேதியில்தான் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா இந்த ஊரில் கண்மூடினார். சிறையில் தொற்றிய தொழுநோய், ரயிலேறத் தடை, நடந்தே ஊர் ஊராகப் பேசப் போன மனுஷன். அவர் கொண்டாடிய திலகர் பிறந்ததும் ஜூலை 23தான், 1856இல்!

1826 ஜூலை 4, அமெரிக்க சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு நாளில், முன்னாள் அதிபர்கள் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் சில மணி நேர இடைவெளியில் இறந்ததை வியந்து பகிர்கிறோம். நம்மூர்த் தேதி? சிவா பிறந்த அக்டோபர் 4இல்தான் (1884) திருப்பூர் குமரனும் (1904) பிறந்தார்.

அண்ணனிடம் சொன்னேன்.

"அப்படியா தம்பி? அப்ப நாளைக்கு இந்தத் தாள்ல வடை மடிக்கல."