திங்கட்கிழமை மேசை

மதுவைப் பற்றி எழுதப் புகும்போது நமது பேனா சற்றுத் தயங்கவே செய்கின்றது. ஆசிரியத் தொழிலின் முதல் எட்டு ஆண்டுகளை நாம் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றிற் கழித்தோம். சம்பள நாளுக்கு மறுநாட் காலையில் எந்தெந்தப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள் என்பதை இடாப்பைப் புரட்டாமலே சொல்ல நம்மால் முடிந்தது. ஒரு நாள் ஐந்தாம் வகுப்பிற் கழித்தற் கணக்கொன்று கொடுத்தோம். தகப்பனின் சம்பளம் இவ்வளவு, கடைக் கடன் இவ்வளவு, அரிசிக்கும் மாவுக்கும் இவ்வளவு, மிச்சம் எவ்வளவு? கணக்கிற் கெட்டிக்காரனான சிறுவனொருவன் கொப்பியைத் தொடாமலே எழுந்து நின்று, "மிச்சம் இல்லைங்க சார்" என்றான். விடை தவறென்றோம். "நீங்க சாராயத்த எழுத மறந்துட்டீங்க சார்" என்றான் அவன். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அன்று தொட்டு மதுவைத் தொடுவதில்லை என்றும், குடிப்பவரோடு ஒரு மேசையில் அமர்வதில்லை என்றும் உறுதி பூண்டோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்த அவ்வுறுதி, 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், பாரிஸ் நகரின் புறத்தேயுள்ள தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் தளர்ந்தது. அங்கே நமது தம்பி வாழ்கின்றான். யுத்தம் துரத்த 1989இல் நாட்டை விட்டுப் போனவன். பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் நம்மவர் எத்தனை பேர் வியர்வை சிந்துகின்றனர் என்பதை அறிய விரும்புவோர், வடக்குப் புகையிரத நிலையத்தை அடுத்த லாச்சப்பற் பகுதியில் ஒரு மாலை நின்று பார்த்தாற் போதும். நமது தம்பியும் அவ்வழியே சென்றவன்தான். முதல் எட்டு ஆண்டுகள் பாத்திரம் கழுவினான், பின் காய் நறுக்கினான், இன்று சமையற்காரன். அவனுடைய உணவகம் திங்கட்கிழமைகளில் மூடப்படும். ஆகவே வாரத்தில் அந்த ஓர் இரவு மட்டுமே அவன் தன் மனைவி மக்களோடு இருந்து உண்கின்றான். நாம் தங்கியிருந்த மாதத்தில் அத்தகைய திங்கட்கிழமைகள் நான்கு வந்தன.

முதல் திங்கள் இரவு, மேசையில் வெள்ளை விரிப்பின் மேல் சிவப்பு வைன் போத்தலொன்று இருக்கக் கண்டு நாம் எழ முற்பட்டோம். தம்பி நமது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, இதைக் குடிக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. சாப்பாட்டோடை ஒரு வாய் ருசி பாருங்கோ, காணும். எட்டு வருசம் நான் கழுவின கிளாசுக்குள்ளை என்ன இருந்ததெண்டு நீங்கள் ஒருக்கால் அறிய வேணும்."

அந்த எட்டு ஆண்டுகளில் அவனுக்கு ஒருவரும் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்ததில்லை. மேசையிலிருந்து திரும்பி வரும் குவளைகளைக் கழுவுமுன் மூக்கருகே பிடித்து முகர்ந்து பார்ப்பானாம். இது கறுத்த முந்திரிகை, இது ஈர மண், இது பழைய தோல், இது மிளகு என்று வாசனையாலேயே வைன்களைப் பிரித்தறியக் கற்றானாம். மேல்வகுப்பார் பணம் கொடுத்துப் பயிலும் கல்வியை, நமது தம்பி அழுக்குத் தண்ணீர்த் தொட்டியருகே நின்று எச்சிற் குவளைகளில் இருந்து பயின்றான். இதைக் கேட்ட பின்னர் மேசையை விட்டு எழுவது எவ்வாறு? நாம் அமர்ந்தோம்.

அன்றைய உணவு ஆட்டுத்தொடை. பூண்டும் ரோஸ்மேரி இலையும் செருகி அடுப்பில் வாட்டி, வெள்ளை அவரை விதைகளோடு பரிமாறினான். வைன் போர்தோப் பகுதியின் மெதொக்கிலிருந்து வந்தது, விலை மிக்கது, அவனுடைய முதலாளி புத்தாண்டுக்குக் கொடுத்தது. குவளையில் மூன்றிலொரு பங்கு மட்டும் ஊற்றினான். வெள்ளை விரிப்பின் மேற் சரித்து நிறத்தைப் பார்க்கவும், மெல்லச் சுழற்றி முகரவும், பின் ஒரு சிறு வாயளவை நாவிற் புரட்டவும் கற்பித்தான். முதல் வாய் நமக்குத் துவர்த்தது. பாக்குக் கடித்தாற்போல் வாய் வறண்டது. "இப்ப இறைச்சியைச் சாப்பிட்டிட்டுக் குடியுங்கோ" என்றான். அவ்வாறே செய்தோம். துவர்ப்பு அடங்கிற்று; இறைச்சியின் கொழுப்பும் நாவிலிருந்து வழித்தெடுத்தாற்போல் நீங்கிற்று.

இதில் மாயமொன்றும் இல்லை. சிவப்பு வைன், முந்திரிகைத் தோலோடு சாறு புளித்து உண்டாவது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவன. தேயிலையிலும் உள்ள தனின் என்னும் அத்துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வறள்கின்றது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் கூடும்போது அதன் கடுமை குறைகின்றது. நாம் தேநீருக்குப் பால் ஊற்றுவதன் பயனும் ஓரளவு இதுவே.

மெதொக்கின் பெருமையைத் தம்பி அன்று சொன்னான். 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்தோ வைன்களுக்குத் தரவரிசை கேட்க, வணிகத் தரகர்கள், எது எவ்வளவு விலை போயிற்று என்பதைக் கொண்டு சிவப்பு வைன் தோட்டங்களை ஐந்து வகுப்புகளாக வகுத்தனர். அந்த வரிசையில் அதன் பின் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க மாற்றம், 1973இல் ஒரு தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கு ஏற்றப்பட்டது ஒன்றேயாம். ஒருமுறை வகுத்த உயர்வு தாழ்வு தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் முறைமை, யாழ்ப்பாணத்திற் பிறந்த நமக்குப் புதிதன்று.

இரண்டாம் திங்கள் இரவு தம்பியின் மனைவி ஊர்முறையில் ஆட்டிறைச்சிக் கறி ஆக்கினாள். வறுத்த மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் மணக்க, புட்டும் அவிந்தது. முதல் வாரத்து மெதொக்கில் இன்னொரு போத்தலைத் தம்பி வேண்டுமென்றே திறந்தான். ஒரு வாய் கறி, ஒரு வாய் வைன், நாக்கு நெருப்பானது. வைனிலிருந்த பழச்சுவை எங்கோ மறைய, கசப்பும் எரிவுமே எஞ்சின. மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு வாயிலை மதுசாரமும் தூண்டுகின்றது. அதனுடன் தனினின் துவர்ப்பும் சேர்ந்தால் எரிவு மிகுமேயன்றிக் குறையாது. ஐந்து வகுப்புப் பெருமையும் நமது மிளகாய்த்தூளின் முன் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

தம்பி சிரித்துக்கொண்டே குளிர்பெட்டியிலிருந்து வேறொரு போத்தலை எடுத்தான். பொஜொலே வைன்; விலை மலிவு. லியோன் நகருக்கு வடக்கேயுள்ள கருங்கற் சரிவுகளில் விளையும் கமே என்னும் முந்திரிகையிலிருந்து செய்வது. குலைகளை நசுக்காமல் முழுமையாகத் தொட்டியிலிட்டுப் புளிக்கவிடுவதால் அதிற் துவர்ப்புக் குறைவு, பழமணம் மிகுதி. சற்றே குளிரவைத்துப் பருகினால் கறியின் காரத்தோடு அது சண்டை பிடிப்பதில்லை. புட்டும் கறியும் அந்த வைனும் பழைய சிநேகிதர் போல ஒத்துப்போயின.

"இந்தக் கமேயும் எங்களைப் போலைதான் அண்ணை, ஊரை விட்டுத் துரத்தினவை" என்றான் தம்பி. அவன் சொன்னது வரலாறு. 1395இல் பூர்கோன் நாட்டுக் கோமகன் பிலிப், கமே முந்திரிகையைத் துரோகச் செடியென்று தூற்றித் தனது நாட்டிலிருந்து வெட்டியெறியக் கட்டளையிட்டான். துரத்தப்பட்ட செடி தெற்கே பொஜொலேக் குன்றுகளிற் செழித்தது. ஆறு நூற்றாண்டுகளின் பின், துரத்தப்பட்டவர்களின் கறியோடு அது மேசையில் அமர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கவே செய்கின்றது.

மூன்றாம் திங்கள் நாம் தோற்றோம். மீன் குழம்போடு சிவப்பு வைனை நாமே கேட்டு வாங்கி, வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியின் சுவையும் கவிச்சும் ஏற வருந்தினோம். வைனிலுள்ள இரும்பே இதற்குக் காரணமென 2009இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர். விலையோ, பெயரோ, குடிப்பவரின் செருக்கோ அல்ல, உணவே வைனுக்கு நீதிபதி என்பதை அத்தோல்வி நமக்கு ஐயமறக் கற்பித்தது.

நான்காம் திங்கள் உணவு எளிமையானது. கத்தரிக்காயும் தக்காளியும் கறிமிளகாயும் ஒலிவ் எண்ணெயில் ஒன்றாக வெந்தவை, உடன் பாண். வைன் தென் பிரான்சின் லாங்குடொக் பகுதியில், சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமொன்று செய்தது. கறுத்த நிறம், காய்ந்த இலை மணம், முரடான நேர்மை. உண்ணும்போது தம்பி 1907ஆம் ஆண்டின் கதையைத் தன் பிள்ளைகளுக்காகச் சொன்னான்.

சீனியும் தண்ணீரும் கலந்து செய்த போலி வைன் ஒருபுறமும், மிகை விளைச்சல் மறுபுறமும் சந்தையை நிரப்ப, உண்மையான வைனின் விலை வீழ்ந்து லாங்குடொக் விவசாயி பட்டினி கிடந்த காலம் அது. ஆர்ஜெலியே என்னும் கிராமத்திலிருந்து மார்சலின் அல்பேர் தலைமையில் 87 பேர் மார்ச் 11ஆம் திகதி நார்பொன் நகருக்கு நடந்தனர். ஜூன் 9ஆம் திகதி மொன்பெலியே நகரிற் கூடியோர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பர். பிரதமர் கிளமொன்சோ படையை அனுப்பினார், நார்பொன்னில் மக்கள் மீது துப்பாக்கி பேசியது, உயிர்கள் பலியாயின. ஆனால் 17ஆம் காலாட்படையின் வீரர்கள், தாங்களும் அம்மண்ணின் பிள்ளைகளாதலால், ஆணையை மீறி ஆயுதங்களோடு பெசியே நகருக்கு நடந்தனர். அம்மாத இறுதியிலேயே கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. போத்தலுக்குள் இருப்பது முந்திரிகைச் சாறு என்று இன்று நாம் நம்புவதற்கு அந்த மக்களும் காரணர்.

லாங்குடொக்கிலுள்ள மரோசான் கிராமத்தில் சிறு விவசாயிகள் 1901இலேயே கூட்டுறவாகத் தம் வைனை விற்கத் தொடங்கியிருந்தனர். சோசலிசத் தலைவர் ஜோன் ஜோரெஸ் 1905இல் அங்கு சென்று அவர்களை வாழ்த்தினார். அவர் பெயர் தாங்கிய சுரங்க ரயில் நிலையம் லாச்சப்பலிலிருந்து இரண்டாவதாக உள்ளது. நம்மவர் நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குப் போகின்றனர். அது யார் பெயரென்று அறிந்தவர் எத்தனை பேரோ! நமது வடபகுதியிலும் 1970களில் கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்ததை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம். பனையேறுபவனைத் தீண்டாது, அவன் இறக்கிய கள்ளை மட்டும் தீண்டிய சமூகத்தில் அஃது ஒரு சிறிய புரட்சி.

இத்தனையும் எழுதிய நாம் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பிரான்சு மதுவால் வாடாத நாடு என்றும் சொல்லவில்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாடசாலை உணவுச்சாலையில் வைன் கொடுப்பதை அந்நாடு 1956இல்தான் தடை செய்தது. 1960ஆம் ஆண்டளவில் ஆளொருவர் ஆண்டுக்கு நூறு இலீற்றருக்கு மேல் வைன் குடித்த அந்நாட்டில், இன்று அதன் பாதியும் இல்லை. மதுசாரத்திற் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இற் தெளிவாகக் கூறிவிட்டது. நாமும் நான்கு இரவுகளிற் சுவைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆயினும் ஒரு வேறுபாடு நமது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கின்றது. நமது மாணவனின் தகப்பன் நாளெல்லாம் மலையேறி இறங்கி, வெறும் வயிற்றோடு, தவறணை வாசலில் நின்றபடியே குடித்தான். அவனுக்குச் சாராயம் கிடைத்தது. உண்ண இறைச்சியும், அமர மேசையும், பிள்ளைகளோடு பேச ஒரு மாலையும் கிடைக்கவில்லை. அவற்றைக் கொடாத துரைத்தனம் சாராயத்தை மட்டும் தாராளமாக விட்டது. அந்நியர் ஆட்சிக்குச் சாராயக் குத்தகை பெரு வருமானமாகவும் இருந்தது. பிரான்சுத் தொழிலாளிக்கும் மாலைப்பொழுது இரந்து கிடைத்ததன்று. 1936இன் வேலைநிறுத்தங்களே வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையையும் சம்பளத்தோடு கூடிய இரு வார விடுமுறையையும் வென்றெடுத்தன. சுவையறிதல் என்பது உயர்குடியிற் பிறந்தோரின் நாவிலுள்ள வரம் அன்று. அஃது ஓய்வின் பிள்ளை. ஓய்வில்லாதவனுக்குச் சுவையில்லை, மறதி மட்டுமே உண்டு.

அன்று வகுப்பில் நாம் போட்ட கணக்கும் தவறுதான். சாராயத்தை மட்டுமன்று, அந்தத் தகப்பனுக்கு உரிய ஒரு மாலைப்பொழுதையும் எழுத மறந்துவிட்டோம்.

நான்காம் திங்கள் இரவு உண்டு முடிந்த பின் தம்பி குவளைகளைத் தொட்டிக்குக் கொண்டுபோனான். கழுவுமுன், பழைய வழக்கத்தால், ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்தான். "என்ன வாசம்?" என்று கேட்டோம். "எங்கடை வீட்டு வாசம்" என்றான். அவன் கழுவக் கழுவ, நாம் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினோம்.