கோடரிக்குப் பிடி



பொரளையில் என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் தாய் ஒரு ரமழானில் என் மனைவியிடம் வந்தார். கணவரை இழந்தவர், வயது முப்பத்தெட்டு. வீட்டிலிருந்தே உடுப்புத் தைப்பவர். முறையாகத் தையல் படித்துச் சான்றிதழ் எடுக்க ஆசை. "ஸகாத் பணத்தில் படிப்புக் காசு கட்டலாமா என்று மௌலவியிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாராம்.

நான் கிதாபைத் திறக்காமலே, "இந்த வயதில் என்ன படிப்பு?" என்று சொல்லியனுப்பி விட்டேன். அவருக்கு வழமைபோல் அரிசிப் பொதி போனது. மறு ரமழானிலும் அதே வரிசையில் அவரைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'அல்மஜ்மூஃ'வைத் திறந்தேன். தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவு ஸகாத் கொடுக்கலாம் என்று நமது ஷாஃபிஈ இமாம்கள் கூறியிருக்கிறார்கள். மாணவனாக நான் ஓதிய பாடம்தான்! யாசிக்க வந்த அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் உணவும் மற்றதில் கோடரியும் வாங்கச் செய்தார்கள். தமது கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹம் உழைத்து வந்தார் என்று அபூதாவூதில் வருகிறது.

கருவிக்கு உண்டென்றால் பயிற்சிக்கு இல்லையா? ஏனைய ஆலிம்களிடமும் கேட்டுக்கொண்டு, பள்ளி ஸகாத் குழுவில் பேசினேன். அவருடைய கட்டணமும் பஸ் காசும் கிடைத்தன.

படிக்க விரும்பும் சகோதரியே, கடன் தேடுமுன் கட்டணமே இல்லாத வழி உண்டா என்று பாருங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபையின் தலைமையகம் பக்கத்து நாரஹேன்பிட்டியில்தான் இருக்கிறது. கட்டணம், வயதெல்லை, உதவித்தொகை மூன்றையும் நேரில் விசாரியுங்கள். ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர் முழுப் பாடநெறியும் படிக்காமலே, திறமையைச் செய்து காட்டி தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் முறையும் உண்டு. அப்படியும் பணம் தேவைப்பட்டால், கட்டண விபரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஸகாத் குழுவிடம் செல்லுங்கள். அதுவும் போதாவிட்டால் உறவினரிடம் வட்டியில்லாக் கடன் கேளுங்கள். அல்லது தெருப் பெண்களோடு சீட்டுப் பிடியுங்கள். நகையை வட்டிக்கு வைக்க வேண்டாம்.

அச்சகோதரி இப்போது வரிசைக்கு வருவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என் அவசர வார்த்தையால் அவருக்குப் போன ஒரு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டு வந்தால், பதில் சொல்லுமுன் கொஞ்சம் விசாரியுங்கள்.