முழங்கையில் ஒரு வில்லை

சில வருஷங்களுக்கு முன் தோல்பாவைக்கூத்து பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஆட்டுத்தோல் போல வெளிச்சத்தை உள்வாங்கி விடக்கூடிய பொருள் வேறில்லை, பிளாஸ்டிக் புகுந்த இடத்தில் நிழல் செத்துவிடும் என்பது அதன் சாரம். அதை எழுதியபோது ஒரு பாவையைக்கூட நான் கையிலெடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு, திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் வயதான கூத்துக்காரர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. மராட்டி பேசும் மண்டிகர் சமூகத்தவர். அவருடைய அனுமார் பாவைக்கு முழங்கை விட்டுப்போயிருந்தது. பாவையின் கை தனித்தனித் துண்டுகளால் ஆனது. தோல்மேல் தோல் வைத்துத் துளையிட்டு, நூலை முடிந்து மூட்டாக்குகிறார்கள். ஆடி ஆடித் துளை பெரிதாகி, முடிச்சு அதன் வழியே நழுவிவிடுகிறது. புதுத்தோல் என்றால் ஊறவைத்து, மயிர் சுரண்டி, இழுத்துக்கட்டிக் காயவைத்து, உளியால் கொத்திச் சாயம் தீட்ட வேண்டும்.

"ரெண்டு பக்கமும் வில்லை வச்சு இறுக்கினாப் போதும். பிளாஸ்டிக்குல செஞ்சு தருவீங்களா சார்?" என்றார். வீட்டில் நான் பொம்மைகள் செய்வதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையை யாரும் சொல்லவில்லை.

கறுப்பு பி.வி.சி. தகட்டையும் மினி கிரைண்டரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிஷத்துக்கு 30,000 சுற்று. வேகம் கூடக்கூட விளிம்பு சுத்தமாக வரும் என்று நினைத்தேன். தகடு அறுபடவில்லை; உருகி பிட்டைச் சுற்றிக்கொண்டது. காரமான புகை தொண்டையைப் பிடித்தது. பி.வி.சி. 80 டிகிரிச் சூட்டிலேயே இளகிவிடும். உரசலில் எழும் சூடு அதில் பரவுவதுமில்லை, தொட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, தொட்டுத்தொட்டு எடுத்து, ஆறவிட்டு மறுபடி தொட்டேன். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்தேன். இரண்டு வில்லைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இரவு வேட்டித் திரைக்குப் பின்னால் பல்பைப் போட்டு அனுமாரை ஆட்டிக் காட்டினார். கை மடங்கியது. ஆனால் முழங்கையில் கரியப்பினாற்போல் ஒரு வட்டம். என் கட்டுரை சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுத்திவர ஓட்டை போட்டுக் குடுங்க. காப்பாயிரும்."

தோல்பாவையில் நகை என்பது துளைகள்தாம். உளி திறந்துவிட்ட இடத்தில் ஒளி வந்து நகையாகிறது. இதை என் கட்டுரையிலேயே எழுதியிருந்தேன். வில்லையைப் பார்த்தபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. ஒரு மில்லிமீட்டர் பிட்டால் பன்னிரண்டு துளைகள் போட்டேன். மறுபடி திரையில் வந்தபோது அனுமார் காப்பணிந்திருந்தார்.

கும்பகோணத்துப் பொம்மலாட்டப் பொம்மைகள் மரத்தாலானவை. நாலரை அடி உயரம், பத்துக் கிலோ வரை எடையுள்ளவை உண்டு. ஆட்டுகிறவர் தலையில் கிரீடம்போல் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து கயிறுகளில் தொங்குகின்றன. அங்கே எந்த மரம் என்பது அழகியல் பிரச்னையாக இருப்பதற்கு முன்னால் கழுத்தின் பிரச்னையாக இருக்கும். பொருளின் தூய்மை பற்றி எழுதிய நான் கழுத்தை யோசித்ததில்லை, முழங்கையையும் யோசித்ததில்லை.

பிளாஸ்டிக்குக்காக வாதாட வரவில்லை. தோலின் ஒளியைப் பற்றி எழுதியதை இப்போதும் நம்புகிறேன். எது மாறலாம், எது மாறக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் போய் உட்கார்ந்ததுதான் பிசகு. அந்த இடம் திரைக்கு முன்னால் இருந்தது. முடிவெடுக்கிறவர் பின்னால் பாவையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இராவணனுக்கும் வில்லைகள் கேட்டிருக்கிறார். துளை கூடுதலாக வேண்டுமாம். அவனுக்கு நகை அதிகம்.