பழைய காரில் 'டக டக' சத்தமா? பங்க்குக்குப் போகும் முன் பானட்டைத் திறங்க!

பழைய கார் வைத்திருப்பவருக்கு ஊரில் எல்லோரும் டாக்டர்தான். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் முதல் மாடி வீட்டு மாமா வரை ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்கும் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. அவரிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800. கணவர் ஆசையாக வாங்கியது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது அந்தக் காருக்கு முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், முடிச்சூரில் இருக்கும் அக்காவை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டும்.

சில மாதங்களாக, தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் இன்ஜினில் ஒரு சத்தம். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவதுபோல. சிகிச்சை முடிந்து களைத்துக் கிடக்கும் அக்கா கண்ணைத் திறந்து, "வண்டி நின்னுடுமாடி?" என்பார். பெங்களூரில் இருக்கும் மகன், "வித்துடும்மா, நான் டாக்ஸி புக் பண்ணித் தர்றேன்" என்றார்.

பெட்ரோல் பங்க் பையன், "100 ஆக்டேன் போடுங்க மேடம், சத்தம் போயிடும்" என்றான். மாடி வீட்டு மாமா, "கெட்டி ஆயிலா ஊத்துங்க டீச்சர், அமுங்கிடும்" என்றார். டீச்சர் இரண்டையும் செய்தார். சத்தம் பாதி குறைந்தது. பென்ஷனில் பெட்ரோல் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் கேம்ப் ரோடு பக்கம் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் போனார். அவர் பெட்ரோலைப் பற்றிக் கேட்கவில்லை. "சத்தம் எப்ப வருது டீச்சர்?" என்றுதான் கேட்டார்.

சத்தத்திலும் வகை உண்டு

மேட்டில் ஏறும்போதோ, பெரிய கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது 'நாக்கிங்'. வண்டி சும்மா நிற்கும்போதும் 'டிக் டிக்' என்று கேட்டால் டேப்பெட்டாக இருக்கலாம். அடியிலிருந்து 'தொம் தொம்' என்று கனமாக வந்து, ஆயில் விளக்கும் எரிந்தால் பேரிங். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

நாக்கிங் என்பது அவசரக்குடுக்கை பெட்ரோலின் வேலை. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேரும் முன்பே, ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்தால் 'டக டக'. அப்படி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமையைக் குறிக்கும் எண்தான் ஆக்டேன். அது சக்தியின் அளவு அல்ல.

இந்தப் பொறுமையைக் கூட்ட உலகம் பல வித்தைகள் செய்திருக்கிறது. 1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில், ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டுபிடித்தார்கள். தாம்பரத்தை அடுத்த வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் ஒரு காலத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸின் ஹெரால்டு, கெசல் கார்கள் ஓடியதெல்லாம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில்தான். ஈயம் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதால், 2000 பிப்ரவரியில் இந்தியா முழுக்க அதை நிறுத்தினார்கள்.

இன்று ஆக்டேனைக் கூட்டும் வேலையை எத்தனாலும் செய்கிறது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலின் ஆக்டேன் 95 என்கிறது மத்திய பெட்ரோலிய அமைச்சகம். முன்பு கிடைத்த சாதாரண பெட்ரோலுக்கு 91. பழைய மாருதி 800 குறைந்த கம்ப்ரஷன் கொண்ட இன்ஜின். அதற்கு 91-ஏ போதும். "அப்ப, 95 போட்டும் சத்தம் வருதுன்னா, தப்பு பெட்ரோல்ல இல்ல டீச்சர், வண்டியிலதான்" என்றார் மெக்கானிக். கணக்கு டீச்சருக்கு அந்த லாஜிக் பிடித்துவிட்டது.

பானட்டுக்குள் இருந்த விஷயம்

மைலேஜுக்காக யாரோ எப்போதோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் ஸ்பார்க் சீக்கிரமே வந்துகொண்டிருந்தது. குட்டிக் குட்டி தூரமே ஓடியதால் உள்ளே கரி படிந்திருந்தது. வால்வு சீல் தேய்ந்து, இன்ஜின் ஆயில் கசிந்து எரிந்துகொண்டிருந்தது. அப்படி எரியும் ஆயில் கரியைக் கூட்டும். பெட்ரோலின் ஆக்டேனையும் குறைக்கும். ஆயிலுக்கும் நாக்கிங்குக்கும் உள்ள உறவு இதுதான். கெட்டி ஆயில் டேப்பெட் சத்தத்தைக் கொஞ்சம் மூடலாம், நாக்கிங்குக்கு அது மருந்தல்ல.

இன்னொன்றும் இருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் விறைத்து வெடித்து, பெட்ரோல் ஈரம் கசிந்திருந்தது. சில அங்குலம் தள்ளிக் கொதிக்கும் சைலன்சர் குழாய். பழைய ரப்பர் பாகங்கள் எத்தனாலுக்கு ஏற்றவை அல்ல. "100 ஊத்திக்கிட்டே இருந்திருந்தா சத்தம் அடங்கியிருக்கும். நாம பானட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்" என்றார் மெக்கானிக். டீச்சர் சற்று நேரம் பேசவில்லை. பின்சீட்டில் படுத்து வரும் அக்கா அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஹோஸ், வால்வு சீல், பிளக் மாற்றி, கரி எடுத்து, டைமிங் லைட் வைத்து ஸ்பார்க்கைச் சரிசெய்தார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோல் குறைந்ததுபோல் ஆகும். புதிய கார்கள் சென்சார் மூலம் அதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்குக் கையால்தான் ட்யூன் செய்ய வேண்டும். அதையும் செய்தார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கார் கையேட்டில் உள்ள ஆக்டேனும் ஆயில் கிரேடும்தான் முதல் விதி. 20டபிள்யூ-40 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.
* ஆயில் குச்சியை மாதம் இருமுறை பாருங்கள். அளவு வேகமாக இறங்கினால் ஆயில் எரிகிறது அல்லது ஒழுகுகிறது.
* ரேடியேட்டர் தண்ணீரை, இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். சூடு ஏறினால் நாக்கிங்கும் ஏறும்.
* மேம்பாலத்தில் கியரைக் குறைத்து ஏறுங்கள்.
* எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள்.
* பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
* இவ்வளவும் செய்தும் சத்தம் நிற்காவிட்டால், அப்போது பிரீமியம் பெட்ரோல் போட்டுப் பாருங்கள்.

டீச்சர் இப்போது போடுவது சாதாரண பெட்ரோல்தான். மிச்சமாகும் பணத்தைத் தனி டப்பாவில் போடுகிறார். ஆர்.சி. புதுப்பிப்பு 2028-ல் வரும். பழைய வண்டிக்கான கட்டணமும் ஏறியிருக்கிறது. "அப்ப கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுப்படியாகலைன்னா வித்துடலாம்டா. சத்தத்துக்குப் பயந்து விக்க வேணாம்" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.