அஸ்லம் கான் எங்கே போனார்?

பாகுபலியின் முதற்பாகம் 2015 ஜூலை 10ஆம் திகதி வெளியானபோது தமிழ் பேசும் உலகெங்கும் ஒரு கேள்வி புறப்பட்டது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்? 2017 ஏப்ரல் 28ஆம் திகதி வெளியான இரண்டாம் பாகம் அதற்கு விடை சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் வேறொரு கேள்வி மிஞ்சியது. அதை எழுப்பியவன் என் மகளின் மூத்த பையன். இப்போது அவன் மீசை அரும்பும் பருவத்தில் இருக்கிறான். ஆனாலும் அக்கேள்வியை விட்டபாடில்லை. "மூத்தாப்பா, அஸ்லம் கான் எங்க போன?"

வாசகர்களிற் பலர் அந்தப் பாத்திரத்தை மறந்திருக்கக்கூடும். மகிழ்மதி அரண்மனைக்கு வாள் விற்க வரும் தூரதேசத்து வணிகர் அவர். கன்னட நடிகர் சுதீப் அவ்வேடத்தில் தோன்றினார். கட்டப்பாவோடு வாள் பொருதிப் பார்க்கிறார். அவர் ஆற்றலில் மனதைப் பறிகொடுக்கிறார். இப்படிப்பட்ட வீரர் அடிமையாகக் கிடப்பதா என்று, விலை கொடுத்து மீட்டுச் செல்ல முன்வருகிறார். முன்னோர் அரியணைக்குக் கொடுத்த வாக்கு என்னையும் கட்டும் என்று கட்டப்பா மறுக்கிறார். உமக்கு எப்போது தேவை வந்தாலும் நான் வருவேன் என்று வாக்களித்துவிட்டு அஸ்லம் கான் போகிறார். சில நிமிடங்களே நீடிக்கும் காட்சி. இரண்டாம் பாகம் முழுவதிலும் அந்த மனிதரின் நிழல்கூட விழவில்லை. கட்டப்பாவுக்குத் தேவை வராமலா இருந்தது?

இந்தப் பழைய கேள்வியை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஒக்ரோபர் 31ஆம் திகதி இரு பாகங்களையும் ஒன்றாக்கி 'பாகுபலி: தி எபிக்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதையடுத்து நவம்பர் மாதத் தொடக்கத்தில் 'பாகுபலி: தி எடர்னல் வார்' என்ற அசைவூட்டப் படத்தின் முன்னோட்டம் இணையத்துக்கு வந்தது. வழங்குபவர் ராஜமௌலி, இயக்குபவர் இஷான் சுக்லா. முதற்பாகம் 2027இல் வருமென அறிவித்திருக்கிறார்கள். கொலையுண்ட அமரேந்திர பாகுபலியின் ஆன்மா பாதாளத்துக்குச் செல்வதும், இந்திரனுக்கும் விஷாசுரனுக்கும் நடக்கும் போரில் அவன் அகப்படுவதும் கதை என்று தெரிகிறது.

முன்னோட்டத்தைப் பார்த்தேன். வண்ணமும் வேகமும் கண்ணைப் பறிக்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை. ஆயினும் என் மனம் வேறொன்றைத் தேடியது. மண்ணில் முடியாத கணக்குகள் இத்தனை இருக்க, விண்ணுக்கும் பாதாளத்துக்கும் ஏன் போகவேண்டும்? கட்டப்பாவின் மூதாதை யாருக்கு, எந்த நெருக்கடியில், என்ன வாக்குக் கொடுத்தார்? அஸ்லம் கான் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தார்? காளகேயர் யார், ஏன் படையெடுத்தனர்? அவர்களுக்கென மதன் கார்க்கி கிளிக்கி என்றொரு மொழியே ஆக்கிக் கொடுத்தார். மொழி கொடுத்தார்கள், வரலாறு கொடுக்கவில்லை.

முயற்சி நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2017இல் அமேசனில் வந்த 'லொஸ்ட் லெஜன்ட்ஸ்' தொடர் அமரேந்திரன், பல்லாளன் இருவரின் இளமைக் காலத்தைத் தொட்டது. ஆனந்த் நீலகண்டன் சிவகாமியின் முன்கதையை மூன்று நாவல்களாக எழுதினார். அதனை நெட்ஃபிளிக்ஸ் தொடராக்கப்போவதாக 2018இல் அறிவித்தார்கள், தொடர் வெளிவரவேயில்லை. 2024இல் வந்த 'கிரவுன் ஒஃப் பிளட்' அசைவூட்டத் தொடர்தான் கட்டப்பாவின் அடிமைநிலையைச் சற்று நின்று பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் போர்க்களத்துக்கு ஓடிவிட்டது.

பெருங்கதையிலிருந்து இப்படி ஒரு கிளை பிரித்துப் பாடுவது ஹொலிவூட் கண்டுபிடித்த தந்திரம் என்று இளையவர்கள் எண்ணுகிறார்கள். எங்கள் மூத்தம்மாமார் கேட்டால் சிரிப்பார்கள். நோன்புகால இரவுகளில் குப்பி விளக்கடியில் அவர்கள் இராகமிட்டு ஓதிய சைத்தூன் கிஸ்ஸா என்ன? அலி (ரழி) அவர்களின் மைந்தர் முகம்மது ஹனீபாவைத் தனி நாயகராக்கிப் புலவர்கள் கட்டிய கிளைக்கதைதான். வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் சிறிது. படைப்போர்ப் பாடல்களில் கிடைத்த இடமோ பெரிது. கல்முனைக்குப் பக்கத்திலேயே பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே பாரதக்கதை படித்துத் தீ மிதிப்பார்கள். அல்லியரசாணியும் பவளக்கொடியும் வியாசரின் பாரதத்தில் இல்லாதவர்கள். தமிழ் மக்களின் ஆசையிற் பிறந்தவர்கள். பெரிய கதையில் தமக்கு நெருக்கமான ஒருவருக்குப் போதிய இடமில்லை என்று கண்டால் மக்கள் தாமே ஒரு கதை செய்துகொள்வார்கள். என் பேரன் கேட்பதும் அதுதான்.

அந்தப் பையனுக்கு அஸ்லம் கான்மீது ஏன் இத்தனை பிடிப்பு என்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. மகிழ்மதியில் அவனுடைய பெயரைப்போன்ற ஒரு பெயர் ஒலித்தது அந்த ஓரிடத்தில்தான். அதுவும் கண்ணியமான மனிதராக. 2018இல் வந்த பத்மாவத் போன்ற படங்களில் அத்தகைய பெயருடையவர் எப்படி வருவார் என்பதை வாசகர் அறிவர். இங்கே வந்தவரோ அடிமையை அடிமையென்று ஏளனம் செய்யாமல் மீட்க நினைத்தவர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. மட்டக்களப்புத் தேசத்தில் வழங்கும் பழங்கதை ஒன்றை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரில், வணிகத்துக்கு வந்திருந்த பட்டாணியர் முக்குவருக்குத் துணைநின்றார்களாம். திமிலரை வெருகல்வரை துரத்தினார்களாம். என்ன பரிசு வேண்டுமென்று கேட்டபோது பொன்னும் பொருளும் வேண்டாம், பெண் தாருங்கள் என்று கேட்டு இங்கேயே குடியமர்ந்தார்களாம். இன்றும் அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தாய்வழியாக வரும் குடிமுறைக்கும், குடிக்கொரு மரைக்காயர் என்ற வழக்கத்துக்கும் இக்கதையையே காரணமாகக் கூறுவார்கள். மட்டக்களப்பு மான்மியத்திலும் பட்டாணியர் வருகிறார்கள். இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். நான் கவனித்தது ஒன்று: எங்கள் கரையின் கதையில் அஸ்லம் கான் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. வந்தார், நின்றார், மருமகனானார்.

தோற்றக்கதை என்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்குச் சங்கதியன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆசிய சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டார். அவரும் ஒரு பத்திரிகையாசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்த வாதம் நூலகத்தோடு முடியவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் செய்தி சேகரிக்கப் போன இடங்களில், "நீங்கள் வந்தவர்கள்தானே" என்ற வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். ஒரு தரப்பார் மட்டும் சொன்னதன்று அது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்த வாக்கியத்தை வெறும் வாக்கியமாக என்னால் கேட்க முடிந்ததில்லை. வந்தவன் என்றால் போகவேண்டியவன் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே திரையில் வந்துவிட்டுப் போகிற ஒரு வணிகரைக் காணும்போது, அவருக்கு ஊர் உண்டா, உம்மா உண்டா, அவர் திரும்பி வருவாரா என்று எங்கள் பிள்ளை கேட்பதை விளையாட்டுப் பேச்சென்று தள்ள எனக்கு மனமில்லை.

சுக்லாவிடம் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? அவருடைய 'ஷிர்கோவா'வை அறிந்தவர்கள் சற்று நம்பிக்கை கொள்ளலாம். 2016இல் குறும்படமாக வந்து, 2024இல் முழுநீளப் படமாக ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட ஆக்கம் அது. அந்த நகரத்தில் எல்லோரும் தலையில் கடதாசிப் பை மாட்டிக்கொண்டு திரிவார்கள். முகம் மறைந்தால் வேற்றுமையும் மறையுமாம். கீழ்ப்படிதலின் அபத்தத்தை இப்படிச் சித்திரித்தவருக்குக் கட்டப்பாவின் தலையில் மாட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பை புலப்படாமற் போகுமா?

அசைவூட்டப் படத்துக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நடிகருக்கு வயதாவதில்லை. இருபது வயதுக் கட்டப்பாவை வரைந்துவிடலாம். சத்யராஜுக்கு ஒப்பனை போட வேண்டியதில்லை. தமிழில் இந்த வழியில் நடந்த பழைய பயணம் அவ்வளவு உற்சாகம் தருவதன்று. 2007இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்து சத்தமின்றிப் போயிற்று. ரஜினிகாந்தின் சுகவீனத்தால் 2011இல் 'ராணா' நின்றுபோக, அதன் முன்கதையாக எழுந்த 'கோச்சடையான்' 2014இல் வெளியானது. முன்கதை வந்தது, எதற்கு அது முன்கதையோ அது வரவேயில்லை! பொம்மை முகங்கள் என்று பலர் குறைசொன்னார்கள். எனக்கு முகங்களைவிடக் கதையின் அவசரமே உறுத்தியது.

நல்ல முன்மாதிரியும் இல்லாமலில்லை. 2024 டிசம்பரில் வந்த 'முஃபாசா'வைப் பேரப்பிள்ளைகளோடு தமிழிற் பார்த்தேன். முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸும் தாக்காவுக்கு அசோக் செல்வனும் குரல் கொடுத்திருந்தார்கள். அநாதைச் சிங்கத்தைச் சகோதரனாக ஏற்ற இளவரசன் தாக்காதான் பின்னர் ஸ்கார் ஆகிறான் என்று தெரியவந்தபோது, எங்கள் சின்னவள் ஸ்காருக்காக அழுதாள். முன்பு அவனை வெறுத்தவள் அவள். வில்லனை நல்லவனாக்கவில்லை, அவன் வில்லனான வழியைக் காட்டினார்கள். அவ்வளவு போதும்.

பாதாளத்துப் போரில் அஸ்லம் கானுக்கு இடம் கிடைப்பது அரிது என்பதை நானும் அறிவேன். பேரனின் ஊகம் வேறு. முதற்பாகம் என்று போட்டிருப்பதால் அடுத்ததும் வரும். அதில் கதை பூமிக்குத் திரும்பும். திரும்பினால் மகிழ்மதிக் கரையில் ஒரு கப்பல் நிற்கவேண்டும் என்கிறான். மகிழ்மதிக்குக் கடற்கரை உண்டா என்று கேட்டேன். அருவி இருந்தால் ஆறு இருக்கும், ஆறு இருந்தால் முகத்துவாரம் இருக்கும் என்றான். கப்பலையும் வரைந்து வைத்திருக்கிறான். பாயில் பிறை இல்லை, வாள் இல்லை, ஓலைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. பெட்டிக்குள் என்ன என்று கேட்டதற்கு, படம் வந்தால் தெரியும் என்றான்.